பாலைவனம் வீட்டு ஒட்டகம்

காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களிலேயே, ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று கேட்டு முகத்தைச் சுளித்த ஒரே மனிதர் எங்கள் தெருப் பாலைவனம்தான். தண்ணீர் வரும் அன்று திருக்காட்டுப்பள்ளியே படித்துறைக்கு ஓடும். அவர் மட்டும் வாசலில் நின்றுகொண்டு, "எதுக்கு சார் இவ்வளவு தண்ணி? ஒரு அளவு வேணாமா?" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார், ஏதோ நான்தான் அணையைத் திறந்துவிட்ட மாதிரி.

அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. ஆனால் ரேஷன் கடைக்காரரே "பாலைவனம், அடுத்து நீங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவார். வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். எந்தப் பேச்சானாலும் "பாலைவனத்துல பார்த்தீங்கன்னா..." என்று ஆரம்பிப்பார். சாம்பாரில் உப்புக் குறைவு, பஸ் லேட், பஞ்சாயத்துக் குழாயில் காற்று, எல்லாவற்றுக்கும் பாலைவனத்தில் ஓர் உதாரணம் தயாராக இருக்கும். பெயர் ஒட்டாமல் என்ன செய்யும்?

அவர் வெளிநாட்டில் இருந்தவரை தெரு அவரைப் பெரிய அதிகாரி என்றே நம்பியது. "எனக்குக் கீழ நாப்பது பேரு" என்று போனில் சொல்வாராம். திரும்பி வந்ததும், பின்னால் எனக்கு மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் ஆசையாகக் கேட்டார், "நாப்பது பேரும் எந்த ஊர்க்காரங்க?"

"ஊரெல்லாம் கிடையாதுங்க. நாப்பதும் ஒட்டகம்" என்றார் பாலைவனம், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

நான் வேலை மாற்றலாகி அந்தத் தெருவுக்குக் குடிபோன மூன்றாவது வாரம் அது நடந்தது. அவர் மனைவி மங்கை அக்கா வீட்டு கிரைண்டர் உயிரை விட்டிருந்தது. புதுசு வாங்கிவர அவரைத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். காலையில் பஸ் ஏறிப் போன மனிதர், மறுநாள் மத்தியானம் நடந்து வந்தார். கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை எங்கள் மாடி உயரத்தில் இருந்தது.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மங்கை அக்கா ஒட்டகத்தைக் காலிலிருந்து ஆரம்பித்துத் தலைவரை நிதானமாகப் பார்த்தார். பார்த்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கிரைண்டர் எங்கங்க?"

ஒட்டகம் அந்த நேரம் பார்த்து அசைபோட ஆரம்பித்தது. கீழ்த்தாடை இடமும் வலமுமாகப் போய்ப் போய் வந்தது.

"பாரு மங்கை, இதுவும் அரைக்கத்தான் செய்யுது" என்றார் பாலைவனம்.

அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்புறம்தான் அவர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். பொருட்காட்சியில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருந்த ஒட்டகம் அது. முன்காலில் புண். சவாரிக்கு ஆகாது என்று கழித்துக்கட்டப் பார்த்திருக்கிறார்கள். "கழிச்சுக்கட்டின ஒட்டகம் எங்க போகும்னு எனக்குத் தெரியும் சார். பார்த்திருக்கேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் சிரிக்காமல் சொன்னார்.

அதற்குப் பெயர் வைத்தது மங்கை அக்காதான். ஒரு வாரம் அதைக் கவனித்தார். வேளாவேளைக்குத் தின்கிறது, ஒரு வேலையும் செய்வதில்லை, எல்லாரையும் கீழ்க்கண்ணால் பார்க்கிறது, போதாததற்கு உதட்டைப் பிதுக்குகிறது. "மாப்பிள்ளை" என்று வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக் கொல்லையில் கட்டியிருந்த மாப்பிள்ளையின் தலை எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வரும். பழைய காலத்து வீடு, மாடியே குட்டை மாடி. முதல் நாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தால், இரண்டு வரிசை இமைகளுக்கு நடுவிலிருந்து பெரிய கண் ஒன்று என்னைப் பார்த்தது. நான் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

என் மனைவி ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் மோர்மிளகாய் காயப்போட்டிருந்தாள். ஒரு முறம் நிறைய. மாப்பிள்ளை பிளந்த மேலுதட்டை விரல் மாதிரி நீட்டி ஒன்றை எடுத்தது. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இப்போது கத்தப்போகிறது, சுவரை இடிக்கப்போகிறது என்று பார்த்தால், அது நிதானமாக முறத்தையே காலி செய்துவிட்டு அடுத்த முறம் எங்கே என்பதுபோல் தலையைத் திருப்பியது.

பாலைவனம் கீழிருந்து பூரித்துப்போனார். "உப்பு சார், உப்பு! மாட்டுக்கு வைக்கிறதைப்போலப் பல மடங்கு உப்பு கேட்கும். பாலைவனத்துல நாங்க பாறை உப்பைக் கட்டியாவே போட்டுருவோம். முள்ளையே மெல்லுற வாய், மிளகாய்க்கா பயப்படும்?"

என் மனைவி அன்று முழுக்கத் திட்டித் தீர்த்தாள். ஆனால் அடுத்த தடவை மிளகாய் வாங்கும்போது அரைக்கிலோ கூடுதலாக வாங்கினாள். கேட்டதற்கு, "வீட்டுப் பக்கத்துல ஒரு ஜீவன் ஆசைப்படுது" என்றாள். எனக்கு அந்த மோர்மிளகாயில் கணக்காக இரண்டுதான் கிடைக்கும்.

அடுத்தது மணல். ஒரு நாள் டிப்பர் லாரியில் ஒரு லோடு ஆற்று மணல் வந்து அவர் கொல்லையில் இறங்கியது. எங்கள் பக்கத்தில் ஆற்று மணல் என்றால் தங்கத்துக்கு அடுத்தபடி. வீட்டுக்காரர் ஓடிப்போய், "எத்தனை மாடி எடுக்கிறீங்க? பிளான் யாரு போட்டா?" என்று விசாரித்தார். அவர் கேட்டு முடிப்பதற்குள் மாப்பிள்ளை மணல் குவியலில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நான்கு காலையும் வானத்துக்குக் காட்டிப் புரண்டது.

"குளிக்குது" என்றார் பாலைவனம்.

"மணல்லயா?"

"பின்ன, சோப்புப் போட்டா? வீட்டுக்கு வர்ற மாட்டைக் குளிப்பாட்டாம கட்டக்கூடாதுன்னு மங்கை ஒரே பிடிவாதம். தண்ணி இதுக்கு ஆகாதுங்க. அதான் ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு முடிவு."

வீட்டுக்காரர் படியேறி வந்து என்னிடம் உட்கார்ந்தார். "சார், மாடிப்படிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட ரெண்டு மூட்டை மணலுக்கு நான் நாலு மாசமா அலையுறேன்" என்று மட்டும் சொன்னார்.

பாவம், அந்த வீட்டுக்காரருக்கு மாப்பிள்ளையால் வந்த சோதனை அதோடு முடியவில்லை. அவர் மகளைப் பெண் பார்க்க மன்னார்குடியிலிருந்து வந்தார்கள். தெருவில் பெரிய மனிதர் என்ற முறையில் பாலைவனத்தையும் கூப்பிட்டிருந்தார். அதுதான் அவர் செய்த தப்பு. பெண் காபித் தட்டோடு வந்து நின்றாள். எல்லாரும் லட்சணமாக இருக்கிறாள் என்றார்கள். பாலைவனம் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்றார்.

"கண்ணைப் பாருங்க, கண்ணை! அப்படியே ஒட்டகம்!"

வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். பாலைவனம் விடவில்லை. "அந்த இமை இருக்கே, மணல் காத்துல ஒரு தூசியை உள்ள விடாது. உலகத்துலயே அழகான கண்ணு ஒட்டகத்துக்குத்தான். இந்த மாதிரி கண்ணு கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்!" பெண்தான் முதலில் சிரித்தாள். தட்டிலிருந்த காபி தளும்பும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பையன் சரி என்றானாம். இது பின்னால் தெரியவந்த செய்தி. அன்றைக்கு வீட்டுக்காரர் பாலைவனத்தைப் பார்த்த பார்வையில் எந்தச் செய்தியும் இல்லை, கொலைவெறி மட்டும்தான் இருந்தது.

நான் காய்ச்சலில் படுத்திருந்தபோதும் பார்க்க வந்தார். நூற்றிரண்டு என்றேன். "இதெல்லாம் ஒரு சூடா சார்? தண்ணி கிடைக்காத நாள்ல ஒட்டகத்துக்கு விடியக்காலையில ஒடம்பு ஜில்லுனு இருக்கும், சாயங்காலம் உங்களைவிடக் கொதிக்கும். வேர்த்துத் தண்ணியை வீணாக்கக்கூடாதுன்னு சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். எந்திரிங்க, நடங்க" என்றார். அப்புறம் நான் பார்க்கவில்லை என்று நினைத்துக் கண் கலங்கி, என் மனைவியிடம் ரசம் வைத்துத் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் மாப்பிள்ளை ஒரு நாள் வீட்டுக்காரரின் முருங்கை மரத்தை மொட்டையடித்துவிட்டது. தெரு கூடிவிட்டது. "ஒரு உபயோகம் இருந்தாலும் பொறுத்துக்கலாம்" என்றார்கள். மங்கை அக்கா நியாயமானவர். எல்லார் முன்னாலும் கணவரிடம் கேட்டார், "பால் கறக்குமா?"

"ஆண் ஒட்டகம் மங்கை."

"உழுமா?"

"மத்த ஊர்ல உழும். நம்ம சேத்துல முடியாது."

"சாணி?"

இதற்கு மட்டும் பாலைவனம் நிமிர்ந்தார். அக்கா ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருந்தார். வாசல் தெளிக்கலாம் என்று நான்கு உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டு அரைமணி நேரம் கரைத்திருக்கிறார். "கூழாங்கல்லு மாதிரி உருளுதே தவிரக் கரையவே மாட்டேங்குது" என்றார்.

"அவ்வளவு காய்ஞ்ச சரக்கு! போட்ட கையோட அடுப்புல வச்சா எரியும்!"

"நம்ம வீட்ல கேஸ் அடுப்புங்க" என்றார் அக்கா. பிறகு தீர்ப்புச் சொன்னார். சம்பா நடவு முடிவதற்குள் மாப்பிள்ளை உருப்படியாக ஒரு வேலையாவது செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும்.

பாலைவனத்துக்கு முகம் செத்துவிட்டது. இங்கிருந்து போனால் அது எங்கே போகும் என்பது அவருக்குத் தெரியுமே.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் துள்ளிக்கொண்டு மாடியேறி வந்தார். "நாத்து சார், நாத்து! நம்ம வயலுக்கு நாத்து முடியைத் தலையில தூக்க ஆள் கிடைக்கலன்னு மங்கை புலம்பிக்கிட்டு இருக்கா. மாப்பிள்ளை ஒரே நடையில இருபது ஆள் சுமையைக் கொண்டுபோயிருவான்!"

நல்ல யோசனை என்று நானும் சொன்னேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நடவன்று நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். முன்கால் புண் எப்போதோ ஆறியிருந்தது. நாற்றங்காலில் மாப்பிள்ளை மண்டியிட்டு உட்கார்ந்தது. திமிலுக்கு இரண்டு பக்கமும் கயிற்று வலை கட்டி, அதில் நாற்று முடிகளை அடுக்கினார்கள். எழுந்து நடந்தது பாருங்கள், பச்சைத் தோட்டம் ஒன்று தார் ரோட்டில் போவதுபோல் இருந்தது. வலப்பக்கத்துக் கால் இரண்டும் சேர்ந்து ஓர் எட்டு, இடப்பக்கத்துக் கால் இரண்டும் சேர்ந்து ஓர் எட்டு. பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வயலில் இருந்த நடவுப் பெண்கள் நிமிர்ந்து கைதட்டினார்கள். மங்கை அக்கா முகத்தில் சிரிப்பு வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ரோட்டோரமே சுமையை இறக்கியிருக்கலாம். ஆனால் பாலைவனத்துக்குத் தலைகால் புரியவில்லை. "எதுக்கு ரோட்டுல இறக்கணும்? நட்டநடுவுல கொண்டாந்து தர்றேன். இதோட பாதம் அப்பளம் மாதிரி விரியும். மணல்லயே புதையாதது சேத்துலயா புதையப்போவுது?" என்று சொல்லிக்கொண்டே, சேறடித்து வைத்திருந்த வயலுக்குள் அதை இறக்கினார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மறந்தது அது ஒன்றைத்தான். மணலில் கால் புதைந்தாலும் வழுக்காது. எங்கள் களிமண் இரண்டையும் செய்யும்.

நாலாவது எட்டில் மாப்பிள்ளையின் பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கமாக வழுக்கிப் பிரிந்தன. சுமையோடு அப்படியே வயிறு சேற்றில் பட உட்கார்ந்துவிட்டது. பிறகு ஒரு சத்தம் போட்டது. நான் அதுவரை கேட்காத சத்தம். எழ முயன்று முயன்று இன்னும் உள்ளே போனது. பாலைவனம் பதறிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவர் வாயில் தமிழே வரவில்லை. அரபியில் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சினார். அவரும் முழங்கால் வரை போய்விட்டார்.

ரோட்டில் நின்றவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஜேசிபி வரட்டும் என்றார் ஒருவர். கழுத்தில் கயிறு போட்டு டிராக்டரில் இழுக்கலாம் என்றார் இன்னொருவர்.

"யாரும் கயிறைத் தொடாதீங்க!" என்று கத்தியது அஞ்சலை. நடவு ஆட்களை அழைத்து வரும் பெண். நாற்பது வருஷமாகச் சேற்றிலேயே நிற்கிற கால். "சேத்துல மாட்டினதை இழுக்கக்கூடாதுண்ணே. காலுக்கு அடியில மொதல்ல ஒரு பிடிப்பு குடுக்கணும். ஏய், மடையை அடைங்கடி! நாத்தை இறக்குங்க! வைக்கோல் போர் எங்க இருக்கு?"

வைக்கோல் கட்டு கட்டாக வந்தது. பெண்கள் அதைச் சேற்றில் மிதித்து மிதித்து ஒரு மெத்தை மாதிரி ஆக்கினார்கள். அப்போதுதான் பாலைவனத்துக்கு உயிர் வந்தது. "பின்னங்கால் ரெண்டும் மறுபடி விரியக்கூடாது அஞ்சலை. விரிஞ்சா சதை கிழிஞ்சிரும். சேத்துக் கட்டணும்" என்றார். கட்டத் துணி வேண்டுமே. ஒரு நொடிகூட யோசிக்காமல் தன் வேட்டியை அவிழ்த்து, இரண்டு கால்களையும் கொஞ்சம் இடைவெளி விட்டுச் சேர்த்துக் கட்டினார். பட்டாபட்டி டிராயரோடு, ஊரில் பாதிப் பேர் முன்னால், முழங்காலளவு சேற்றில் நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

அஞ்சலை குரல் கொடுக்க, பதினாறு பெண்களும் தோள் கொடுத்தார்கள். மங்கை அக்கா புடவையை வரிந்துகட்டிக்கொண்டு விலாப்பக்கம் நின்று, "எந்திரிடா மாப்பிள்ளை, எந்திரிடா என் ராசா" என்று அழுதுகொண்டே தள்ளினார். மாப்பிள்ளை பின்பக்கத்தைத் தூக்கியது. அப்புறம் முன்னங்காலை ஊன்றியது. நின்றுவிட்டது. நின்றதும் முதல் வேலையாகக் குனிந்து, காலடியில் கிடந்த வைக்கோலில் ஒரு வாய் எடுத்து மென்றது.

அன்று மாலையே கால்நடை டாக்டர் அம்மா வந்து பார்த்தார். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் படித்த பெண். எலும்பு, சதை எதற்கும் சேதமில்லை என்றார். நாங்கள் மூச்சுவிட்டோம். அவர் ஒட்டகத்தின் வயிற்றோரத்து முடியை விலக்கிக் காட்டினார். தோல் சிவந்து தடித்திருந்தது.

"சொறி ஆரம்பிச்சிருக்குங்கய்யா. மருந்து தர்றேன். ஆனா இன்னும் ரெண்டு மாசம் மழை. தரை காயவே காயாது. ஈக்கடி வேற. இந்த ஈரத்துல இது தாங்காது. காய்ஞ்ச இடத்துக்குக் கொண்டுபோனா நல்லா இருக்கும். இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கும்."

அதற்குப் பிறகு பாலைவனம் கொட்டகையை விட்டு நகரவில்லை. மூன்று நாள் மழை விடாமல் கொட்டியது. கொட்டகையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மருந்து தடவிக்கொண்டிருந்தார். "பாலைவனத்துல" என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. வீட்டுக்காரர் வலியப் போய், "பாலைவனத்துல இதுக்கெல்லாம் என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டுப் பார்த்தார். அவர் மருந்துக் கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார். வைத்திருந்தால் இங்கே சாகும், கொடுத்துவிட்டால் வேறெங்கோ சாகும் என்று அவர் மனசுக்குள் கிடந்து அடித்துக்கொண்டது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

நாலாம் நாள் மங்கை அக்கா எங்கள் மாடிக்கு வந்து, கணவரையும் வரச் சொன்னார். சாட்சிக்கு நாங்கள் வேண்டுமாம்.

"ராமநாதபுரம் பக்கம் என் தங்கச்சி வீட்டு நெலம் சும்மா கெடக்கு. கடலோரம். மணலும் கருவ முள்ளும்தான். நல்லா விசாரிச்சுட்டேன். மாப்பிள்ளையை அங்க கொண்டுபோயிரலாம்."

"அங்க யாரு பார்த்துக்குவா?"

"நீங்கதான்."

பாலைவனம் தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம் மங்கை. இருபத்திரண்டு வருஷம் உன்னை இங்க தனியா விட்டுட்டு ஒட்டகத்துக்கூட இருந்தேன். மறுபடியும் அதே பொழப்பா?"

"யாரு விடப்போறா? நானும் வர்றேன். வயலை அஞ்சலைக்குக் குத்தகைக்கு விட்டாச்சு."

"அங்க தண்ணிக்குக் கஷ்டம்மா. மாப்பிள்ளை ஒரு மூச்சுல நூறு லிட்டர் குடிக்கும்."

"தெனமுமா குடிக்குது? என்கிட்டயேவா? அதெல்லாம் எனக்கும் தெரியும்" என்றார் அக்கா. என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள், கண்ணைத் துடைத்துக்கொள்ள. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே மாப்பிள்ளை என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

லாரியில் ஏற்றிய அன்று தெருவே நின்றது. வீட்டுக்காரர் முருங்கைக் கீரையைக் கட்டுக்கட்டாக லாரியில் எறிந்தார், துளிர்த்ததையெல்லாம் தன் கையாலேயே ஒடித்து. அஞ்சலை ஆட்கள் ஆறு கட்டு வைக்கோல் ஏற்றினார்கள், "எங்கயாவது வழுக்கினா ஆகும்ணே" என்று.

இப்போதும் வாரம் தவறாமல் பாலைவனம் போன் செய்கிறார். சொறி போய்விட்டது, புது முடி வந்திருக்கிறது, திமிலில் கொழுப்பு ஏறி நிமிர்ந்து நிற்கிறது என்பதெல்லாம் வரிசையாக வரும். அக்கா அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தாராம். பிறகு தவறாமல், "அங்க மழையா சார்?" என்று கேட்பார். ஆமாம் என்பேன். "இங்க ஒரு பொட்டு இல்ல சார்! ஒரு பொட்டு இல்ல!" என்று அவர் கூவுகிற சந்தோஷத்தில் போனே அதிரும்.

நான் தஞ்சாவூர்க்காரன். மழை வேண்டாம் என்று வாயால் சொல்வதே எங்கள் ஊரில் பாவம். ஆனாலும் ஐப்பசியில் வானம் இருட்டினால் என் கை தானாகப் போனை எடுத்து ராமநாதபுரத்தில் என்ன நிலவரம் என்று பார்க்கிறது. அந்தப் பக்கத்து விவசாயிகள் என்னை மன்னிக்க வேண்டும். ஊர் முழுக்க நன்றாகப் பெய்யட்டும். கடலோரத்தில் ஒரு மணல்மேட்டை மட்டும், அந்த மூன்று பேரும் இருக்கிற இடத்தை மட்டும், விட்டுவிட்டுப் பெய்யட்டும்.